பால் தொடும் இடங்களில் உயிரிப்படலம்: பல்க் கூலர் முதல் கேன் மூடி வரை சுத்தம் செய்யும் முழுமையான வழிகாட்டி

"இரண்டு வேளையும் கழுவுகிறோம், பிளீச்சிங் பவுடரும் போடுகிறோம், ஆனாலும் பாலின் தரம் இறங்கிக்கொண்டே போகிறது." கிராமத்துப் பால் சேகரிப்பு மையங்களில் அடிக்கடி கேட்கும் குறை இது. பெரும்பாலும் குற்றம் மாட்டின் மேலும் இல்லை, பால் ஊற்றுபவர் மேலும் இல்லை. பால் ஓடும் பாதையில் எங்கோ ஓரிடத்தில் பாக்டீரியாக்கள் படலமாக (இதுதான் உயிரிப்படலம்) ஒட்டிக்கொண்டு, புதிதாக வரும் பாலில் ஒவ்வொரு வேளையும் உதிர்ந்துகொண்டிருக்கின்றன.

டம்ப் டேங்க் (பாலை முதலில் கொட்டும் தொட்டி), ஹோஸ், பல்க் கூலர் (பாலைக் குளிர்வித்துச் சேமிக்கும் பெரிய தொட்டி), நாற்பது லிட்டர் கேன்கள் உள்ள ஒரு சிறு மையத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கறவை இயந்திரம் வைத்திருக்கும் பண்ணைக்கும் இதே முறைதான். வேலை கடினமானதில்லை, ஆனால் வரிசை மாறினால் அத்தனை உழைப்பும் வீணாகும்.

1. எதை அகற்றப் போகிறோம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

பால் பட்டவுடன் எஃகின் மேல் புரதம் மெல்லிய பூச்சாகப் படிகிறது. அதன்மேல் பாக்டீரியா வந்து அமர்கிறது. தொடக்கத்தில் ஓடும் நீரே அதை அடித்துச் சென்றுவிடும். சில மணி நேரம் விட்டுவிட்டால், சர்க்கரைச் சேர்மங்களும் புரதமும் கலந்த பசையைத் தன்னைச் சுற்றிச் சுரந்து உறுதியாக ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பசைக்குள் இருக்கும் பாக்டீரியா, நீரில் தனியாக மிதக்கும் அதே பாக்டீரியாவைவிடக் குளோரினைப் பல மடங்கு தாங்கும்.

இதிலிருந்து ஒரே விதிதான் வருகிறது: முதலில் பசையைப் பெயர்க்க வேண்டும், அதன் பிறகே கொல்ல வேண்டும். பெயர்க்காத படலத்தின்மேல் ஊற்றும் குளோரின் மேலோட்டமாக வினைபுரிந்தே தீர்ந்துபோகும். அடியில் இருப்பவை அப்படியே பிழைத்துக்கொள்ளும்.

பாலைக் குளிர்விக்கிறோமே, பிறகென்ன பயம் என்று பலர் கேட்கிறார்கள். சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியா 4 டிகிரி செல்சியஸிலும் மெதுவாக வளரும். அது சுரக்கும் கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கும் நொதிகள் 72 டிகிரியில் 15 விநாடி பாஸ்சரைசேஷனையும் தாண்டி நிற்கும். பாக்டீரியா செத்தாலும் நொதி வேலை செய்துகொண்டே இருக்கும். பாலில் கசப்பும், வெண்ணெயில் ஊசல் வாடையும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2. படலம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

நேராகக் கழுவலில் இறங்காதீர்கள். இடம் தெரியாமல் கழுவினால், ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் தொட்டியின் நடுப்பகுதியையே மீண்டும் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பால் போகும் பாதையில் மாதிரிகளை வரிசையாக எடுங்கள். டம்ப் டேங்கில் ஒன்று, ஹோஸின் மறுமுனையில் ஒன்று, கூலரின் மேலிருந்து கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியால் ஒன்று, அடிப்பக்க வால்வைத் திறந்ததும் வரும் முதல் பாலில் ஒன்று. நான்கையும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே பாக்டீரியா எண்ணிக்கை தாவுகிறதோ, அங்கேதான் படலம் இருக்கிறது.

மையத்திலேயே மெத்திலீன் நீலச் சோதனை செய்யலாம். 10 மி.லி. பாலில் 1 மி.லி. சாயக் கரைசலைக் கலந்து 37 டிகிரியில் வைத்தால், நீல நிறம் எவ்வளவு சீக்கிரம் மறைகிறதோ அவ்வளவுக்குக் கிருமி அதிகம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் நிறம் நின்றால் மிக நல்ல பால். அரை மணி நேரத்திலேயே மறைந்தால் மோசமான பால்.

ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். குளிரில் வளரும் பாக்டீரியாக்கள் 37 டிகிரியில் சுறுசுறுப்பாக இருப்பதில்லை. அதனால் இரவு முழுவதும் கூலரில் கிடந்த பால் உண்மையைவிட நல்ல பாலாகத் தெரியும். ஆய்வகத்துக்கு அனுப்ப வழியிருந்தால், மாதிரியைச் சுமார் 13 டிகிரியில் 18 மணி நேரம் வைத்திருந்து எண்ணச் சொல்லுங்கள். வைப்பதற்கு முன் எடுத்த எண்ணிக்கையைவிடப் பின்னால் எடுத்தது பல மடங்கு ஏறியிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கழுவும் முறையைத்தான்.

கண்ணும் கையும் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். கழுவிய தொட்டிச் சுவரில் நீரை ஊற்றிப் பாருங்கள். சுத்தமான எஃகில் நீர் ஒரே தகடாக வழியும். அழுக்கிருந்தால் திட்டுத்திட்டாக உடைந்து முத்துமுத்தாக நிற்கும். ஈரத்தில் பளபளத்த சுவர் காய்ந்த பிறகு மங்கலான வெண்மஞ்சள் பூச்சாகத் தெரிந்தால் அது பாற்கல், அதாவது பரப்பில் படிந்து இறுகிய தாது உப்பு. ஈரமாக இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது, ஆகவே உலர்ந்த பிறகே பாருங்கள்.

சந்தேகமான இடத்தில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில சொட்டு விட்டால், படலம் இருக்குமிடம் நுரைக்கலாம். பால் எச்சம் இருந்தாலும் நுரைக்கும் என்பதால் கழுவி முடித்த பரப்பில் மட்டும் செய்யுங்கள். நுரைக்கவில்லை என்பதாலேயே படலம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், ஏனெனில் லாக்டோபாசில்லஸ் போன்ற பல பாக்டீரியாக்கள் நுரை தராது. பெராக்சைடு பாலில் கலந்தால் கலப்படமாகக் கருதப்படும். எனவே சோதித்த இடத்தை நன்றாக அலசிவிடுங்கள்.

3. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

தொடங்கிய பிறகு பாதியில் பொருள் தேடி ஓடினால் கரைசல் ஆறிவிடும். இவற்றை முதலிலேயே அருகில் வைத்துக்கொள்ளுங்கள்:

- வெப்பமானி. கையை விட்டுப் பார்த்துச் சூட்டைக் கணிப்பது நம்பத்தக்கதல்ல.
- நைலான் தூரிகைகள்: நீளக் கைப்பிடி உள்ளது, குழாய்க்குள் போகும் உருளை வடிவத்தது, இடுக்குகளுக்கான சிறியது.
- எல்லா இணைப்புகளுக்கும் புதிய காஸ்கெட்டுகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்).
- காரக் கழுவுபொருள், அமிலக் கழுவுபொருள், சோடியம் ஹைப்போகுளோரைட்.
- பிஎச் தாள் (நீரில் காரமா அமிலமா என்பதை நிறத்தால் காட்டும் தாள்).
- முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ்.

எஃகுக் கம்பி நாரை மையத்துக்குள்ளேயே விடாதீர்கள். அது உண்டாக்கும் கீறல் கண்ணுக்கு மெல்லிய கோடு, பாக்டீரியாவுக்கு ஆழமான பள்ளம். கீறல் விழுந்த பரப்பில் படலம் சீக்கிரம் பிடிக்கும், எளிதில் போகாது.

உங்கள் தண்ணீரைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால், அதில் உள்ள கால்சியம் காரத்தோடு சேர்ந்து பரப்பில் படியும். அப்படிப்பட்ட ஊர்களில் வெறும் சலவைச் சோடா உதவாது. கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பொருள் சேர்ந்த, பால் துறைக்கென்றே விற்கும் காரக் கழுவுபொருளை வாங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: அலுமினிய கேன்களுக்குக் காஸ்டிக் சோடாவைப் பயன்படுத்தவே கூடாது. அது அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும், உட்புறமெல்லாம் குழிகுழியாகிவிடும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட மென்மையான சோப்புக் கரைசல், தூரிகை, பிறகு நீராவி அல்லது கொதிநீர் போதும். கீழே சொல்லும் காரம், அமிலம், குளோரின் எல்லாம் எஃகுக்கு மட்டுமே.

4. கழற்றுங்கள்

புதியவர்கள் தவிர்க்கப் பார்ப்பது இந்தப் படியைத்தான். நேரம் பிடிக்கும், கை நோகும், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகவே தெரியும். ஆனால் தொட்டியின் விரிந்த சுவரில் படலம் அரிதாகவே நிலைக்கிறது. நீரோட்டம் எட்டாத மூலைகளில்தான் அது வாழ்கிறது.

கூலரின் கம்ப்ரசரை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருந்தால் சுவர் குளிர்ந்து, நீங்கள் ஊற்றும் வெந்நீர் நிமிடங்களில் ஆறிவிடும். கலக்கியின் மின் இணைப்பைத் துண்டித்த பிறகே உள்ளே கை விடுங்கள். மூடிய தொட்டிக்குள் ரசாயனத்தோடு ஆள் இறங்கக் கூடாது.

முதலில் வெளியேறும் வால்வைக் கழற்றுங்கள். பட்டர்ஃபிளை வால்வின் தட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தை விரலால் நெம்பி எடுத்து, அதன் பின்பக்கத்தையும் அது உட்கார்ந்திருந்த பள்ளத்தையும் பாருங்கள். பல மாதமாகக் கழற்றாத வால்வில் அந்தப் பள்ளம் முழுக்க வெளிர்மஞ்சள் நிறத்தில் வழவழப்பான கூழ் அப்பியிருக்கும். நகத்தால் சுரண்டினால் நூலாக இழுபடும், புளித்த வாடையும் வரும். தினமும் கழுவிய தொட்டியில்தான் இது இருக்கிறது. டேங்கருக்குப் போகும் ஒவ்வொரு சொட்டும் இதைத் தொட்டுக்கொண்டுதான் வெளியேறுகிறது.

அடுத்து மூடியின் ரப்பர் ஓரம், கலக்கித் தண்டு தொட்டிக்குள் நுழையும் இடம், அளவுகோல் துளை, டம்ப் டேங்கின் வடிகட்டி, பம்பின் உட்சக்கரமும் சீலும், ஹோஸின் இரு முனைகள். ஹோஸை நிறுத்தும் கிளாம்புக்கு அடியில் ஓர் அங்குலம் மறைந்திருக்கும், அதையும் விடாதீர்கள். குழாயில் பயன்படாத கிளை ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் கழுவிப் பயனில்லை, வெட்டி அடைத்துவிடுங்கள்.

கறவை இயந்திரத்தில் லைனர்களை (மடிக்காம்பில் மாட்டும் ரப்பர் குழல்களை) பிரித்து வெளிச்சத்தில் மடக்கிப் பாருங்கள். ரப்பரில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் கழுவ வேண்டாம், மாற்றுங்கள். ரப்பர் லைனருக்கு ஏறத்தாழ 2,500 கறவைதான் ஆயுள். வெடிப்புக்குள் போன பாக்டீரியாவைத் தூரிகையும் எட்டாது, ரசாயனமும் எட்டாது.

5. வெதுவெதுப்பான நீரில் முதல் அலசல்

பால் காலியானவுடனே, காய்வதற்குள் அலசுங்கள். நீர் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கட்டும். வெளியேறும் நீர் தெளியும்வரை ஓடவிடுங்கள்.

இந்த வெப்பத்துக்குக் காரணம் உண்டு. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொழுப்பு உறைந்து ஒட்டிக்கொள்ளும். கொதிநீர் ஊற்றினால் பால் புரதம் வெந்து பரப்பில் இறுகிவிடும். "சூடாக ஊற்றினால் சீக்கிரம் சுத்தமாகும்" என்று நினைத்துக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதன் விளைவாக அடுத்த மூன்று படிகளும் இருமடங்கு கடினமாகின்றன.

6. காரக் கழுவல்

கொழுப்பையும் புரதத்தையும் படலத்தின் பசையையும் தளர்த்துவது காரம்தான். காஸ்டிக் சோடாவானால் 1 சதவீதக் கரைசல், அதாவது ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம். கடையில் வாங்கிய கழுவுபொருளுக்குச் சீட்டில் சொன்ன அளவு. தூளை நீரில் போட வேண்டும். தூளின்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

கரைசல் 65 முதல் 70 டிகிரியில் தொடங்கட்டும். பத்து நிமிடம் முடியும்போதும் 45 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. இறங்கினால் பெயர்ந்த கொழுப்பு மறுபடியும் படியும். தொட்டிக்கு எவ்வளவு சூடு தாங்கும் என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், சுவருக்குள் குளிர்பதனக் குழாய்கள் ஓடுகின்றன.

கழற்றிய பாகங்களை வாளியில் சூடான காரக் கரைசலில் ஊறவிட்டு, இடுக்கியால் எடுத்து, கையுறையோடு தேயுங்கள். தேய்க்காமல் ஊறவைப்பது மட்டும் போதாது. ரசாயனம் பசையை இளக்கும், பெயர்த்தெடுப்பது தூரிகைதான். நீளமான குழாயில் தூரிகை போகாது என்றால் நீரின் வேகமே தூரிகை. விநாடிக்கு 1.5 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் சுழன்று ஓட வேண்டும். குழாய் முழுவதும் நிரம்பி ஓடாவிட்டால் மேற்பாதி நனையவே நனையாது.

சூடு, அளவு, நேரம், தேய்ப்பு ஆகிய நான்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்ட வேண்டும். விறகை மிச்சப்படுத்த ஆறிய கரைசலில் கழுவுபவர்கள் அந்தக் குறையை எங்கும் ஈடுசெய்வதில்லை.

பிறகு நல்ல நீரில் அலசுங்கள். கடைசி நீரைப் பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். உங்கள் குழாய்த் தண்ணீர் காட்டும் நிறமே வர வேண்டும். காரம் மிச்சமிருந்தால் அடுத்து வரும் அமிலம் வீணாகும். பாலில் கலந்தால், புளிப்பை மறைக்கக் காரம் கலந்த பால் என்று சோதனையில் சிக்கிக்கொள்வீர்கள்.

7. அமிலக் கழுவல்

காரத்துக்குக் கரையாத பாற்கல் இதற்குத்தான் கரையும். அது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். சொரசொரப்பான அதன் பரப்பில் புதிய படலம் பிடிக்கும், பழைய பாக்டீரியா ஒளியும். பாஸ்பாரிக் அல்லது நைட்ரிக் அமிலம் அடிப்படையிலான பால் துறைக் கழுவுபொருளைச் சீட்டு சொல்லும் அளவில், சுமார் 60 டிகிரியில் பத்து நிமிடம் ஓடவிட்டு அலசுங்கள். இங்கும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்.

அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சான குளோரின் வாயு வெளியேறும். சில காரக் கழுவுபொருள்களிலேயே குளோரின் கலந்திருக்கிறது. எனவே நடுவில் வரும் அலசல் உங்கள் உயிரைக் காப்பதற்கும்தான்.

பல மாதம் தேங்கிய படலமாக இருந்தால், அமிலத்துக்குப் பின் காரக் கழுவலை இன்னொரு முறை செய்யுங்கள். பாற்கல் கரைந்தபின் அதனடியில் மூடிக்கிடந்த புரதமும் பசையும் அப்போதுதான் வெளிப்படும். இந்த இரண்டாம் காரம் முதல் பெருங்கழுவலுக்கு மட்டும், தினசரி தேவையில்லை.

8. வடியவிட்டு உலர்த்துங்கள்

இதைக் கிருமிநீக்கத்துக்கு முன்னால் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். கழுவிய இரவு முழுவதும் பாத்திரம் உலர்ந்து கிடக்க வேண்டும். ஈரமில்லாத இடத்தில் படலம் வளராது.

கேன்களை மூடியைத் தனியாகக் கழற்றி, தாங்கியில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். தரையில் கவிழ்த்தால் காற்றும் போகாது, தரை அழுக்கு விளிம்பில் ஒட்டும். ஹோஸைச் சுருட்டி வைக்காமல் ஒரு முனை தாழ இருக்கும்படி தொங்கவிடுங்கள். சுருட்டிய ஹோஸின் அடிவளைவில் தேங்கும் கையளவு நீர் விடிவதற்குள் நாற்றமெடுக்கும். துணியால் துடைக்க வேண்டாம், துடைக்கும் துணியே கிருமியைப் பரப்பும்.

9. பால் வருவதற்கு முன் கிருமிநீக்கம்

அடுத்த கொள்முதலுக்கு அரை மணி நேரத்துக்குள் இதைச் செய்யுங்கள். இரவே செய்துவிட்டால், தப்பிய கொஞ்சமும் தண்ணீரிலிருந்து வந்ததும் காலைக்குள் பெருகிவிடும்.

4 சதவீத ஹைப்போகுளோரைட்டில் லிட்டருக்கு 5 மி.லி. கலந்தால் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) குளோரின் கிடைக்கும். சாதாரண வெப்ப நீரே போதும். இரண்டு முதல் ஐந்து நிமிடம் எல்லாப் பரப்பும் நனைய வேண்டும், பிறகு முழுக்க வடியவிடுங்கள். மணிக்கணக்கில் ஊறவைத்தால் எஃகில் துளைத்துளையாக அரிப்பு விழும், அந்தத் துளைகளே அடுத்த படலத்துக்கு வீடு. அலசியே ஆக வேண்டும் என்பது உங்கள் கொள்முதலாளரின் விதியானால் கொதித்து ஆறிய நீரில் அலசுங்கள். சாதாரணத் தொட்டித் தண்ணீரில் அலசினால் கொன்றதையே மறுபடியும் ஏற்றுகிறீர்கள்.

பழைய பாட்டிலில் குளோரின் வீரியம் குறைந்திருக்கும். வெயிலில் வைத்த பாட்டிலை நம்பாதீர்கள். திறந்து கிடந்த பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான்.

10. மறுபடியும் அளந்து, ஒழுங்கை நிலைநிறுத்துங்கள்

பெருங்கழுவலுக்கு மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் இரண்டாம் பகுதியில் சொன்ன அதே நான்கு இடங்களில் மாதிரி எடுங்கள். மறுநாள் குறைந்து ஒரு வாரத்தில் ஏறினால் தினசரிக் கழுவலில் ஓட்டை இருக்கிறது. மறுநாளே குறையவில்லை என்றால் கழற்றாத பாகம் ஒன்று மிச்சமிருக்கிறது. கலக்கித் தண்டின் சீலையும் பம்பையும் முதலில் பாருங்கள்.

தினமும் ஒவ்வொரு கொள்முதலுக்குப் பிறகும் வெதுவெதுப்பான நீரில் அலசல், காரம், அலசல், உலர்த்தல். முன்னால் குளோரின். கூலர் காலியாகும் ஒவ்வொரு முறையும் வெளியேறும் வால்வைக் கழற்ற வேண்டும். அமிலம் வாரத்துக்கு ஒரு முறை, கடின நீருள்ள ஊர்களில் இரண்டு மூன்று முறை. காஸ்கெட்டுகளை மாற்றிய தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். எழுதாத இடங்களில் அவை கிழியும்வரை மாற்றப்படுவதில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் நான்கு இடங்களிலும் எண்ணிக்கை ஒன்றுபோல் உயர்ந்தே நின்றால், கழுவும் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். மேல்நிலைத் தொட்டியின் உட்சுவரிலும் குழாய் முனையில் மாட்டிய ரப்பரிலும் இதே படலம் வளர்கிறது. அப்போது முதலில் கழுவ வேண்டியது அந்தத் தொட்டியைத்தான்.